எழுத்துக் கட்டையும் காப்புரிமை ஆய்வும்

பள்ளிக்கூடத்திற்கு எழுத்துக் கட்டை புதிய பொருளன்று. சிறு சதுர மரக்கட்டைகளில் எழுத்துகளைத் தீட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சொல் கோக்கச் செய்வது நெடுநாளைய வழக்கம். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு வகைக் கட்டை போதும். தமிழுக்கோ ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘க்’ என்னும் கட்டையின் அருகே ‘ஆ’ என்னும் கட்டையை வைத்தால், அவை இரண்டு கட்டைகளாகவே நிற்குமேயன்றிக் ‘கா’ என ஒன்றாகிவிடா. ‘ஒ’ வந்தால் இன்னும் தொல்லை. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒரு குறி முன்னும் ஒரு குறி பின்னுமாக வந்து மெய்யைச் சூழ்ந்துகொள்கிறது. ஆகவே 247 எழுத்துக்கும் தனித்தனிக் கட்டை செய்து பெட்டியிலே குவிக்க வேண்டியதாகிறது.

கட்டையின் முகத்தில் சிறியதொரு மின்திரை இருந்து, பக்கத்தில் வந்த கட்டை இன்னதென்று அது அறியவும் கூடுமானால் இத்தொல்லை தீரும். ‘க்’ கட்டையை ‘ஒ’ கட்டை நெருங்கியவுடன் முதற்கட்டை ‘கொ’ எனத் தன் முகத்தை மாற்றிக் கொள்ளும். இரண்டாவது கட்டை வெறுமையாகும். உயிரும் மெய்யும் கூடிப் பிறப்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கும்.

இப்படிப்பட்ட கட்டையை ஒரு தமிழாசிரியரோ மாணவரோ செய்து, அதற்குப் ‘பேட்டண்ட்’ எனப்படும் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தால் என்ன நிகழும்? இவ்வினா வெறுங் கற்பனையன்று. அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் புத்தாக்கக் கண்காட்சிகளில் பதக்கம் பெற்று வருகின்றனர். இப்பெடாஸ் வட்டாரத் தோட்டப் பள்ளிகளிலும் அவ்வார்வம் எட்டிப் பார்க்கிறது. பதக்கம் வேறு, காப்புரிமை வேறு. பதக்கம் தருபவர் பாராட்ட வருகிறார், காப்புரிமை ஆய்வாளர் ஐயுற வருகிறார். அவர் ஐயுறும் முறையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

முதலில், இத்தகைய கட்டை உண்மையிலேயே செய்யப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தில் டேவிட் மெரில், ஜீவன் கலாநிதி, பேட்டி மேஸ் ஆகிய மூவரும் ‘சிஃப்டபிள்ஸ்’ என்னும் கட்டைகளைப் பற்றி 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஜீவன் கலாநிதி இந்திய வம்சாவளியினர். பெயரைப் படித்தவுடன் நம்மவர் சற்றே நிமிர்ந்து உட்காருவர். உள்ளங்கையில் அடங்கும் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்திரை, தனி மின்கலம், அசைவை உணரும் கருவி, கம்பியில்லாத் தொடர்பு ஆகியன இருந்தன. நாற்புறத்திலும் அமைந்த அகச்சிவப்புக் கதிர்க் கருவிகளால் அயற்கட்டையை அது உணர்ந்தது. 2009இல் மெரில் ஓர் அரங்கில் இவற்றைக் கொண்டு சொல் கோக்கும் ஆட்டமும் கணக்கும் செய்துகாட்டினார். பின்னர் இதன் வளர்ச்சியாகச் ‘சிஃப்டியோ’ என்னும் பெயரில் கட்டைகள் 2011 முதல் விற்பனைக்கு வந்தன. 2014இல் அந்நிறுவனம், ஆளில்லா வானூர்தி செய்யும் வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. வணிகத்தில் அவை நிலைக்கவில்லை என்றாலும் நம் வினாவுக்கு நல்ல எடுத்துக்காட்டாக நிற்கின்றன.

இனி ஆய்வுக்கு வருவோம். காப்புரிமை விண்ணப்பத்தில் இரண்டு பகுதிகள் தலையாயவை. ஒன்று, பொருளை எவ்வாறு செய்வது என்று விரித்துரைக்கும் விளக்கம். மற்றொன்று, எதற்கு உரிமை வேண்டும் என்று வரையறுக்கும் உரிமைக் கோரிக்கை. தமிழாசிரியருக்கு இவற்றைப் புரியவைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோரிக்கை என்பது சூத்திரம். விளக்கம் என்பது உரை. கோரிக்கை எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியமாக இருக்கும். அதிலே ஒரு சொல் வீணாக நிற்பதில்லை. உரை எவ்வளவு விரிந்தாலும் உரிமையின் எல்லையைச் சூத்திரமே கட்டும்.

நம் கட்டைக்கு ஒரு கோரிக்கை எழுதிப் பார்ப்போமா? ‘திரை ஒன்றும், மின்கலமும், நான்கு பக்கங்களிலும் அகச்சிவப்புக் கதிரை விடுத்து வாங்கும் கருவியும் உடையதாய், தன்னைப் போன்ற மற்றொரு கட்டை எப்பக்கத்தில் நெருங்கியது என்பதை அக்கதிரால் உணர்ந்து, அதற்கேற்பத் தன் திரையிலுள்ள குறியை மாற்றும் கட்டை.’

இலக்கணம் கற்றவர் இதனை ஆய்வாளரைவிடக் கூர்மையாகப் படிக்கக் கூடும். ‘நான்கு பக்கங்களிலும்’ என்பதில் நிற்பது முற்றும்மை. ஆதலின், மூன்று பக்கங்களில் மட்டும் கருவி வைத்து ஒருவன் கட்டை செய்தால் அவன் இந்த வேலிக்கு வெளியே நின்று சிரிப்பான். ‘உடையதாய்’ என்று சொன்னால் வேறு உறுப்புகள் சேர்ந்தாலும் உரிமை கெடாது. ‘இவையே உடையதாய்’ என்று பிரிநிலை ஏகாரம் ஒன்றைச் சேர்த்துவிட்டாலோ, எதிராளி ஒரு மணியைக் கட்டி அது வேறு பொருள் என்று வாதிடலாம். ஓர் உம்மையாலும் ஓர் ஏகாரத்தாலும் வணிக வழக்கொன்று வெல்லவோ தோற்கவோ கூடும்! மலேசியாவில் விண்ணப்பங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுதப்படுகின்றன. ஆயினும் தமிழில் ஒருமுறை எழுதிச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தவர் பிறமொழியிலும் ஏமாறுவது குறைவு என்பது என் எண்ணம்.

‘அகச்சிவப்புக் கதிர்’ என்பதும் இடரே. காந்தத்தால் அயலை அறியும் கட்டை இதனுள் அடங்காது. அப்படியானால் ‘ஏதேனும் ஒரு வழியால் உணர்ந்து’ என்று அகல எழுதிவிடலாமே எனில், அங்கேதான் ஆய்வாளர் காத்திருக்கிறார்.

அவருடைய முதல் வினா புதுமை பற்றியது. மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1983ஆம் ஆண்டினது. 1986 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நம் நாட்டில் தனி ஆய்வு இல்லை. பிரிட்டனில் பெற்ற உரிமையை இங்கே பதிவு செய்துகொள்வதே வழி. இச்சட்டப்படி, உலகில் எவ்விடத்தில், எழுத்தாலோ பேச்சாலோ பயன்படுத்தியோ வெளிப்படுத்தப்பட்டிருந்தாலும் அது பழையதே. ரெம்பாவில் யாரும் கண்டதில்லை என்பது விடையாகாது. ஆய்வாளர் தேடினால் முதலில் 1998இல் அதே மாசசூசெட்ஸ் கழகத்தில் செய்யப்பட்ட ‘டிரையாங்கிள்ஸ்’ அகப்படும். அவை தட்டையான முக்கோணத் துண்டுகள். விளிம்போடு விளிம்பு பொருந்தும்போது எதனுடன் எது, எப்பக்கத்தில் சேர்ந்தது என்று கணினிக்குத் தெரியும். அடுத்து, 2001இல் ஜப்பானின் சோனி ஆய்வுக்கூடத்தார் காட்டிய ‘டேட்டா டைல்ஸ்’. கண்ணாடி போன்ற வில்லைகளைத் தட்டைத் திரையொன்றின் மேல் அடுக்கினால், எந்த வில்லை எங்கே உள்ளது என்பதற்கேற்பக் காட்சி மாறும்.

இவ்விரண்டும் நம் கோரிக்கையை அழித்துவிடுகின்றனவா? இல்லை. முன்னதில் துண்டுக்கெனத் திரையில்லை. பின்னதில் திரை அடித்தட்டுக்கு உரியது, வில்லைக்கு உரியதன்று. புதுமையை அழிக்க வேண்டுமானால் ஒரே ஏட்டில் எல்லா உறுப்பும் ஒருங்கே இருத்தல் வேண்டும். ஆகவே புதுமை என்னும் வாயிலைக் கட்டை கடந்துவிடுகிறது.

ஆனால் இரண்டாம் வாயில் குறுகியது. அதனைப் புனைதிறன் எனலாம். அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா என்பதே வினா. யார் இந்தச் சாதாரணர்? அவர் ஒரு வேடிக்கையான கற்பனை மனிதர். எல்லா நூல்களையும் படித்திருப்பார். சொந்தமாக ஒரு வெண்பாவும் எழுதமாட்டார். (நம்மிடையே இத்தகையோர் இல்லாமலில்லை.) ‘துண்டுகள் அயலை அறிகின்றன, கைப்பேசிகளில் சிறுதிரை மலிந்துவிட்டது, இரண்டையும் சேர்’ என்று அவருக்கே தோன்றுமானால் உரிமை கிடையாது.

இந்தியாவில் இவ்வாயிலை நன்கு விளக்கிய வழக்கொன்று உண்டு. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் கடைவோரிடையே எழுந்தது அது. கடைசற்பொறியில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தார். 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முன்பே இருந்த உறுப்பில் ஓர் அழுத்துதண்டைச் சேர்த்தது பட்டறைத் திருத்தமேயன்றிக் கண்டுபிடிப்பன்று எனக் கூறி அவ்வுரிமையைச் செல்லாதாக்கியது. இதற்கு மறுதலையாக, 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆடம்ஸ் என்பவரின் மின்கலத்துக்கு அளித்த தீர்ப்பைக் கொள்ளலாம். மக்னீசியமும் செப்புக் குளோரைடும் பழைய பொருள்களே. ஆயினும் வெறுந்தண்ணீர் ஊற்றினால் இயங்கும் கலம் அவற்றால் அமையும் என்பதை வல்லுநர்களே முதலில் நம்பவில்லை. எனவே உரிமை நின்றது.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளமிட்டவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். இராஜகோபால ஐயங்கார் என்பது தமிழர் பலர் மறந்துபோன செய்தி. அவருடைய அறிக்கை 1959இல் வந்தது. அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில், அறிந்த கருவிகள் தத்தம் வழக்கம்போலத் தனித்தனியே இயங்குமாறு வெறுமனே அடுக்குவது கண்டுபிடிப்பாகாது என்றொரு விதி இருக்கிறது. கட்டைக்கு இவ்விதி மிகவும் பொருந்தும். ரப்பர் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு இரண்டு மரம் சீவினால் இரண்டு மங்குப் பால், அதில் வியப்பில்லை. பத்துத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அவ்வாறே. ஒரு கட்டை மற்றொன்றின் வரவால் தன் தொழிலை மாற்றிக்கொள்ளும்போதுதான் அடுக்கு என்பது கூட்டாக மாறுகிறது.

நிற்க. ஆசிரியருக்கு மனவருத்தம் தரக்கூடியதொன்றை இனிச் சொல்ல வேண்டும். ‘க்’கும் ‘ஒ’வும் சேர்ந்து ‘கொ’ ஆகிறது என்பதே நம் கட்டையின் அழகு என நாம் நினைக்கிறோம். ஆய்வாளர் முதலில் அடித்துவிடுவது அதைத்தான். மலேசியச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஆட்டம் ஆடும் முறைக்கும் மனத்தால் மட்டுமே செய்யும் செயலுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. இந்தியச் சட்டத்திலோ 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால், செய்தியைக் காட்டும் முறையும் கணினி நிரலும் தம்மளவில் விலக்கப்பட்டன. உயிர்மெய்ப் பிறப்பு இலக்கண நூலாரின் சொத்து. அதைத் திரையில் காட்டியதனால் எவருக்கும் தனியுரிமை பிறவாது. அப்படிப் பிறக்காமலிருப்பதே நன்று என்பேன். நம் நெடுங்கணக்குக்கு வேலி போட எவருக்கும் இடமளிக்கலாகாது.

பாடமும் ஆட்டமும் கழிந்தபின் எஞ்சுவது என்ன? கட்டை தன் அயலை எவ்வாறு அறிகிறது என்னும் பொறியமைப்பே. பிழையாக அறியாதிருக்க என்ன செய்தீர்? பிள்ளை கட்டையைத் தலைகீழாக வைத்தால் அதற்குத் தெரியுமா? மூன்று கட்டை ஒரே நேரத்தில் நெருங்கினால் எது முந்தியது? மின்கலம் விரைவில் தீராமல் எப்படிக் காத்தீர்? கண்காட்சியில் யாரும் கேளாத இவ்வினாக்களுக்கு மாணவன் கண்டுபிடித்த விடையிலேதான் காப்புரிமைக்குரிய பொருள் ஒளிந்திருக்கும். பல வேளைகளில் அவன் அதைச் சொல்லத் தகுந்ததாகக் கூட எண்ணுவதில்லை. கேட்டு எழுதவைப்பது ஆசிரியரின் வேலை.

கண்காட்சி என்றவுடன் நாட்கணக்கு நினைவுக்கு வருகிறது. பொருளை ஊரறியக் காட்டிவிட்டால் அது பழையதாகிவிடும் என்றேன். மலேசியச் சட்டம் சிறிது இரக்கங் காட்டுகிறது: விண்ணப்பதாரர் தாமே வெளிப்படுத்தியது விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் நிகழ்ந்திருந்தால் அதனைக் கணக்கில் கொள்வதில்லை. அமெரிக்காவிலும் ஓராண்டு உண்டு. இந்தியாவில் அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் அவை போன்ற சில இடங்களுக்கே அச்சலுகை. ஐரோப்பாவில் பொதுவாக அதுவுமில்லை. இன்று காட்டினால் நாளை விண்ணப்பிக்க முடியாது. ஆகவே பெற்றோர் நாளில் மேசைமேல் வைத்த தேதியையும், படம்பிடித்து இணையத்தில் இட்ட தேதியையும் குறித்துவைத்தல் இன்றியமையாதது. விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பின் காட்டுவது எல்லாவற்றினும் எளிது.

விண்ணப்பம் கொடுத்தவுடன் ஆய்வு தானே நடந்துவிடுமென்று பலர் இருந்துவிடுகின்றனர். வடிவச் சரிபார்ப்பு வேறு. பொருளாய்வைத் தனியே கட்டணம் செலுத்திக் கேட்டாக வேண்டும். உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு. ஆண்டுக் கட்டணம் நின்றால் உரிமையும் நிற்கும். பள்ளி மாணவர் ஆக்கங்களுக்குப் பெரும்பாலும் ஏற்றது ‘பயன்பாட்டுப் புத்தாக்கம்’ என்னும் சிறிய வகையே என்பது என் கருத்து. அதற்குப் புதுமையும் தொழிற்பயனும் போதும். அந்தக் குறுகிய இரண்டாம் வாயில் அங்கே இல்லை. ஆனால் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஆகையால் அந்த ஒரு சூத்திரத்தின் உம்மையையும் ஏகாரத்தையும் இன்னும் விழிப்பாகப் பார்க்க வேண்டும்.

படிவத்தில் கண்டுபிடித்தவர் பெயருக்கென்று ஓர் இடம் உண்டு. கருத்தை எண்ணிக் கண்டவர் பெயரே அங்கே வர வேண்டும். பணம் தந்தவர், படிவம் நிரப்பியவர், தலைமையாசிரியர் ஆகியோர் பெயருக்கு அங்கே இடமில்லை. கட்டை தலைகீழாக இருப்பதை அறிய வழி கண்டவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமியானால், அவள் பெயரைப் பிறப்புச் சான்றில் உள்ளபடியே எழுத வேண்டும்.