நொண்டும் காலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வீட்டில் ஆடு, மாடு வளர்க்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் தவறு செய்து கற்றுக்கொண்ட விடயம் இது.

கல்முனைக்குடியில் எங்கள் வளவு கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது. ஒருநாள் கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து தாயாட்டுக்கு வைத்தேன். வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அன்றிரவே அதற்கு வயிறு ஊதிக் கழிந்தது. சுகமாகிவிட்டது என்று நினைத்திருக்க, மூன்றாம் நாள் நடக்க மாட்டாமல் முன்னங்கால்களை மடித்து முழங்காலில் நின்றது.

"சுளுக்குத்தான் புள்ள, எண்ணெய் போட்டுத் தடவு" என்றார் உம்மா. நான்கு நாட்கள் தடவினேன். பலனில்லை. பிறகுதான் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் குளம்பைக் கையால் பொத்திப் பிடித்துவிட்டு, "தொட்டுப் பாருங்க, சுடுது" என்றார். வலி காலில் இருந்தாலும் காரணம் வயிற்றில்தான் என்று விளக்கினார்.

சோறு, அரிசி, நெல் போன்றவற்றை ஒரேயடியாக அதிகம் தின்றால் இரைப்பையில் புளிப்பு மிகுந்து, நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. அதனால் குளம்பின் உள்ளே இருக்கும் மென்மையான படலம் அழற்சியடைகிறது. வெளியே கடினமான ஓடு இருப்பதால் வீக்கம் விரிய இடமில்லை. அதுவே அந்தப் பொல்லாத வலி. குதிரை வளர்ப்போர் பெரிதும் அஞ்சும் நோயும் இதுதான். தானிய மூட்டையில் வாய் வைத்த குதிரை ஓரிரு நாட்களில் அடியெடுத்து வைக்க முடியாமல் நின்றுவிடும்.

நொண்டுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கல் நிலத்தில் நடக்கும் ஆட்டின் குளம்பு தானாகத் தேயும். எங்கள் ஊர் மணலில் அது தேயாமல் நீண்டு வளைந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அளவாக வெட்டிவிட வேண்டும். முள், ஆணி, கண்ணாடித் துண்டு குத்தியும் நொண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு பல காலம் எங்கள் வளவு மணலைக் கிளறினால் இவைதான் வரும்.

மாரி காலத்தில் சேற்றிலும் சாணத்திலும் நின்றால் குளம்பின் இடுக்கு அழுகும். கெட்ட நாற்றமே அதன் அடையாளம். கொட்டில் தரையை உயர்த்திக் காய வைத்திருப்பது நல்லது. நொண்டுவதோடு காய்ச்சல், வாயில் கொப்புளம், எச்சில் வடிதல் கண்டால் கால்வாய் நோயாக இருக்கலாம். இது குதிரைக்கு வராது. ஆடு, மாடுகளிடையே வேகமாகப் பரவும். உடனே தனியாகக் கட்டி வைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள்.

ஆகவே பிராணி நொண்டினால் முதலில் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். காலைத் தூக்கிக் குளம்பைக் கழுவுங்கள். சூடு, நாற்றம், காயம், வளர்ச்சி நான்கையும் பாருங்கள். முந்திய நாட்களில் என்ன தின்றது என்று யோசியுங்கள். அதிகம் தின்றது தெரிந்தால் நொண்டும்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கள் ஆடு பிழைத்தது. ஆனால் குளம்பு கோணலாகி இன்றும் சற்று நொண்டித்தான் நடக்கிறது. நான் எண்ணெய் தடவிய அந்த நான்கு நாட்கள்தான் அப்போது நினைவுக்கு வரும்.

உழ்ஹிய்யாவுக்கு ஆடு வாங்கும்போது நொண்டுகிறதா என்று நடக்கவிட்டுப் பார்க்கிறோம். வாயில்லாப் பிராணி நம்மிடம் அமானிதம். அந்தப் பார்வை மற்ற நாட்களிலும் இருக்கட்டும்.