பட்டறிவே பிரமாணம்

நியாயஸ்தலத்தில் ஒரு விதி உண்டு. கண்ணால் கண்டவன் கூறுவதே சாட்சி. பிறர் சொல்லக் கேட்டவன் கூறுவது பொதுவாகச் சாட்சியாகாது. பட்டதாரி கேள்விப்பட்டதைவிட, ஏர் உழுபவன் நேரில் கண்டதற்கே அங்கே மதிப்பு அதிகம். அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே வந்ததும் இவ்வுண்மையை நாம் மறந்துவிடுகிறோம். தேச காரியங்களில் புஸ்தகம் படித்தவன் வாக்கே வேதவாக்கு. பட்டறிந்தவன் வாய் திறக்கவும் இடமில்லை.

கூடுவாஞ்சேரியைப் பாருங்கள். தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கற்பட்டுக்குப் போகும் பெருஞ்சாலையிலுள்ள இவ்வூரில், வயல்கள் இருந்த இடங்களில் வீடுகள் எழும்பிவிட்டன. புது வீட்டுச் சமையலறையில் பாம்பு புகுந்தால், வீட்டுக்காரருக்குத் தாம் பெற்ற பட்டம் உதவுமா? பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைத் தேடியன்றோ ஓடுவார்!

இந்த ஜில்லாவில் அவ்வித்தையைப் பரம்பரையாக அறிந்தவர்கள் இருளர்கள். மண்ணில் பதிந்த தடம், உரித்த சட்டை, எச்சம், வளையின் வாய் ஆகியவற்றைக் கொண்டே பாம்பின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுவார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும், பின்னர் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அவர்களுடைய பிழைப்பைப் பறித்தன. 1978-ல் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷத்தை எடுத்தபின் மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அவ்விஷத்திலிருந்தே விஷமுறிவு மருந்து தயாராகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எடுக்கும் மருந்துக் குப்பியின் கதை, இருளர் கையிலுள்ள கடப்பாரையில் தொடங்குகிறது.

அமெரிக்காவும் இதை உணர்ந்தது. தென் புளோரிடாவில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி, காட்டுப் பிராணிகளை அழித்து வந்தன. 2016-ல் நடந்த வேட்டைப் போட்டியில் ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாத காலம் தேடி, 106 பாம்புகளைப் பிடித்தார்கள். 2017-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் அங்கே அழைக்கப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. அவற்றில் ஒன்று 16 அடி நீளம்! 2023-ல் நமது ஸர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

ஆனால், வயது முதிர்ந்தோர் சொல்வதெல்லாம் ஞானம் என்று நாம் வாதிக்கவில்லை. ஒரே பிழையை நாற்பது வருஷம் செய்தவனும் தன்னை அநுபவஸ்தன் என்றே சொல்லிக்கொள்வான். சோதனைக்கு உட்பட்ட அநுபவமே அறிவாகும். இருளருடைய அறிவை ஒவ்வொரு நாளும் பாம்பே சோதிக்கிறது. அங்கே சால்ஜாப்புச் செல்லாது. ஆய்வுக்கூடத்துச் சாஸ்திரமும் இதற்குப் பகையன்று. ஒன்று விஷத்தைக் கொணர்கிறது. மற்றொன்று அதை மருந்தாக்குகிறது. இரண்டும் கை கோத்தால்தான் உயிர் பிழைக்கும்.

1947-ல் அந்நிய ஆட்சி அகன்றது. ஏட்டுக் கல்வி ஒன்றே அறிவு என்னும் அடிமைப் புத்தி அகன்றதா? விருது ஒரு நாள் வைபவம். வீட்டு மனைக்குப் பட்டாவும், பிள்ளைகள் பள்ளி செல்ல ஜாதிச் சான்றும் இன்றி அலையும் இருளர் குடும்பங்கள் இன்னும் பல. வித்தையைக் கற்பிக்கும் காடும் மேடும் மனைகளாகின்றன. நிலம் போனால் அதில் பழகிப் பெறும் அறிவும் போகும். அதை எந்தப் புஸ்தகசாலையிலும் மீட்க முடியாது.

ஆகவே தேச ஊழியர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே: ஏரி, காடு, வைத்தியம் பற்றித் தீர்மானம் எழுதுமுன், அவற்றோடு வாழ்ந்தவர்களைச் சபைக்கு அழையுங்கள், உங்களுக்குச் சமமாக ஆசனம் அளித்துக் கேளுங்கள். சாட்சியை விசாரியாமல் எழுதும் தீர்ப்பு நியாயமாகாது.