சூறாவளிக்குப் பட்டியலில் இடம் உண்டா?

புது தில்லி: தலைநகரின் வடக்குப் பகுதியில் 1978-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி ஒரு சுழல் சூறாவளி புகுந்தது. தில்லி பல்கலைக்கழக வளாகத்தையும் அதையொட்டிய குடியிருப்புகளையும் சில நிமிடங்களில் அது கடந்து சென்றுவிட்டது. 28 பேர் உயிரிழந்தனர். சுமார் 700 பேர் காயமடைந்தனர். காற்று சென்ற பாதை சில கிலோமீட்டர் நீளமே. அகலமோ ஒரு தெருவின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். பாதைக்குள் இருந்தவை சிதைந்தன. பக்கத்துத் தெருவில் பல வீடுகளுக்கு எதுவும் நேரவில்லை.

டொர்னாடோ என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் இந்தக் காற்றின் இயல்பே அதுதான். வங்கக் கடலில் உருவாகி நாள்கணக்கில் நகர்ந்து வரும் புயலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புயலுக்குப் பெயர் சூட்டும் அளவுக்கு அவகாசம் கிடைக்கிறது. சுழல் சூறாவளிக்கோ வாசல் கதவைச் சாத்துவதற்குக்கூட நேரம் கிடைப்பதில்லை.

அப்படியொரு காற்று, பழங்கால கார்களைச் சேகரித்து வைத்திருப்பவர் ஒருவரின் வீட்டை ஒட்டிக் கடந்து போனால் என்ன ஆகும்? விளையாட்டான கேள்வி அல்ல இது. 1964-ல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிய பழங்கார் ஊர்வலத்துக்குப் பெயர் பெற்ற நகரம் தில்லி. இங்கே பல பங்களாக்களின் பின்புறக் கொட்டகைகளில் ஐம்பது, அறுபது ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் நிற்கின்றன. வசதி படைத்தவர், விவரம் அறிந்தவர், ஆவணங்களை ஒழுங்காக வைத்திருப்பவர் என்று சேகரிப்பாளரைப் பற்றி ஒரு கருத்து உண்டு. அவருக்கே நமது விதிகள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று பார்த்தால், ஓட்டு வீட்டில் இருப்பவரின் நிலை தானாகவே விளங்கிவிடும்.

காரே அளவுகோல்

சுழல் சூறாவளியின் வேகத்தைக் கருவி வைத்து அளப்பது அரிது. காற்று போன பிறகு, அது விட்டுச்சென்ற சேதத்தைப் பார்த்தே வலிமையைக் கணிக்கிறார்கள். அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி ஃபுஜிதா 1971-ல் வகுத்த அளவுகோலில் காருக்கும் ஓர் இடம் இருந்தது. ஓடும் கார்கள் சாலையைவிட்டு விலகித் தள்ளப்பட்டால் ஒரு நிலை; கனமான கார்கள் தரையிலிருந்து தூக்கி எறியப்பட்டால் மூன்றாம் நிலை; கார் அளவுள்ள பொருள்கள் நூறு மீட்டருக்கு அப்பால் பறந்தால் ஐந்தாம் நிலை. 2007-ல் அமெரிக்கா நடைமுறைக்குக் கொண்டுவந்த மேம்பட்ட அளவுகோல், கட்டடங்கள், மரங்கள் உள்ளிட்ட 28 வகைச் சேதங்களை அடிப்படையாகக் கொண்டது. அதில் காருக்கு இடமில்லை.

நேரடியாக மோதாமல் அருகே கடந்து செல்லும் காற்றும் காரை விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது. பறந்து வரும் தகரக் கூரை, முறிந்து விழும் வேப்பங்கிளை, சரியும் கொட்டகைச் சுவர் ஆகியவை போதும். புதிய காரானால் கதவையும் கூரையையும் மாற்றிவிடலாம். 1950-களின் காருக்கு உதிரி பாகம் எங்கே போய் வாங்குவது?

அந்தப் பாகம் கிடைத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழங்கால வாகனங்களைப் பதிவு செய்வதற்கென மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் வழங்கப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20 ஆயிரம், மறுபதிவுக்கு ரூ. 5 ஆயிரம். கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் கூடாது.

இவற்றையெல்லாம் சேகரிப்பாளர்கள் ஏற்றுக்கொள்வதில் தயக்கம் இருக்காது. ஆனால் அதே விதிகள் வாகனம் அதன் மூல வடிவிலேயே பராமரிக்கப்பட வேண்டும் என்கின்றன. அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட கணிசமான பழுதுபார்ப்பு நடந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சூறாவளியில் மரம் விழுந்து உடற்கூடு நசுங்கிய காரை அதற்குப் பிறகு என்ன செய்வது? நசுங்கியபடியே நிறுத்தி வைத்தால் மூல வடிவம் போயிற்று. புதிய கூடு பொருத்தினால் மாற்றம் ஆயிற்று. இயற்கைச் சீற்றத்துக்கு அந்த வரையறையில் தனியாக விலக்கு இல்லை. 1958-ல் உற்பத்தி தொடங்கி, அமைச்சர்களையும் எம்.பி.க்களையும் பல தலைமுறையாக நாடாளுமன்ற வாசல் வரை சுமந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரும் இப்போது இந்த வயது வரம்புக்குள் வந்துகொண்டிருக்கிறது. அதன் உடற்கூட்டின் மீது கிளை விழுந்தாலும் இதே கேள்விதான்.

மூன்று பட்டியல்கள்

இழப்பீட்டுக்கு வருவோம். நாட்டில் வழக்கத்தில் உள்ள மோட்டார் காப்பீட்டு ஆவணத்தில், சொந்தச் சேதப் பிரிவின் கீழ் வெள்ளம், புயல், சூறைக்காற்று, ஆலங்கட்டி மழை, உறைபனி என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. டொர்னாடோ என்ற சொல் அதில் இல்லாவிட்டாலும் 'புயல்காற்று' என்ற பொதுச்சொல்லுக்குள் அது அடங்கிவிடும். ஆனால் சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அதை மட்டும் வைத்திருப்பவருக்கு மரம் விழுந்த கணக்கில் ஒரு ரூபாயும் வராது. சாதாரண கார்களின் காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் தேய்மானத்தால் குறைகிறது. பழங்கால கார்களுக்கு மட்டும், உரிமையாளரும் நிறுவனமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பீடு தர 2002-ம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகள் இடமளித்தன. விவரம் தெரிந்த சேகரிப்பாளர் அந்த வழியில் சென்றிருப்பார்.

கார் நிற்கும் கொட்டகைக்கு வேறு பட்டியல். கட்டடங்களுக்கான தீ மற்றும் சிறப்பு இடர்க் காப்பீட்டிலும், 2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டிலும் டொர்னாடோ பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஈடு தருகிற காப்பீட்டுத் துறைக்கு இந்தக் காற்றின் பெயர் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது பட்டியல் அரசினுடையது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து செலவிடத் தகுதியுள்ளவை என்று 2021-26 நிதிக்குழுக் காலத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் 12 பேரிடர்களைப் பெயர் குறிப்பிட்டது. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி மற்றும் குளிர் அலை என்பவை அவை. டொர்னாடோ தனியாக இல்லை. மின்னலும் வெப்ப அலையும்கூட அப்போது இல்லை.

நாடாளுமன்றத்தில் எம்.பி.க்கள் இந்தப் பட்டியலை விரிவுபடுத்தக் கோரியதுண்டு. மின்னலும் வெப்ப அலையும் பற்றிய கேள்விகளுக்கு அரசுத் தரப்பில் வந்த பதில் ஏறத்தாழ ஒரே மாதிரியானது. மாநிலங்களின் தேவையைத் தற்போதைய பட்டியல் பெருமளவு நிறைவு செய்கிறது என்றும், விரிவாக்கக் கோரிக்கையில் போதிய நியாயம் காணவில்லை என்றும் 15-வது நிதிக்குழு கருதியதையே அமைச்சர்கள் சுட்டிக்காட்டினர். நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை, உள்ளூர்ப் பேரிடர் என்று மாநில அரசே அறிவிப்பவற்றுக்குச் செலவிடலாம் என்பது கூடுதல் விளக்கம். அதாவது, சூறாவளியால் வீடிழந்தவருக்கு உதவி கிடைக்குமா என்பது, அவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார், அந்த அரசு எதைப் பட்டியலிட்டது, காற்றை எந்தப் பெயரில் கோப்பில் எழுதினார்கள் என்பவற்றைப் பொறுத்தது. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பேரிடருக்குத் தரும் வரையறையோ மிக விரிவானது. எந்தக் காற்றும் அதற்குள் அடங்கும். சட்டம் தாராளமாக இருக்கிறது, நிதி வழிகாட்டுதல் கைகட்டி நிற்கிறது.

அந்த வழிகாட்டுதலின் 2022-ம் ஆண்டு விகிதப்படி, சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு ரூ. 1.20 லட்சம், குடிசைக்கு ரூ. 8 ஆயிரம். மாட்டுக் கொட்டகைக்கு ரூ. 3 ஆயிரம். மீனவர்களின் படகும் வலையும் கணக்கில் உண்டு. மோட்டார் வாகனம் இல்லை. சேகரிப்பாளரின் காருக்கு மக்கள் வரிப்பணம் தர வேண்டியதில்லை என்பது சரியே. அதே வரிசையில் ஆட்டோ ஓட்டுநரின் வண்டியும் விடுபட்டுவிடுகிறது என்பதை யார் யோசிப்பது?

தேர்தல் நேரத்துக் காற்று

இந்தியாவில் சுழல் சூறாவளிகள் பெரும்பாலும் கோடைமழைக் காலத்திலேயே வருகின்றன. வங்கக் கடலின் ஈரக்காற்று கீழே, வடமேற்கின் வறண்ட காற்று மேலே. இரண்டும் வெவ்வேறு திசையிலும் வேகத்திலும் உரசும்போது இடிமேகம் சுழலத் தொடங்குகிறது. மேற்கு வங்கமும் ஒடிசாவும் அதன் வழக்கமான களங்கள். 1998 மார்ச் 24-ல் இரு மாநில எல்லையில் உள்ள தாந்தன் பகுதியில் வீசிய சூறாவளி நூற்றுக்கும் அதிகமானவர்களைப் பலி கொண்டது. 2009 மார்ச் 31-ல் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் ராஜ்கனிகா. 2023 மார்ச் 24-ல் பஞ்சாபின் பாசில்கா மாவட்டத்தில் பகைன்வாலா கிராமம். 2024 மார்ச் 31-ல் மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி, மைனாகுரி.

இவற்றில் 2009, 2024 ஆகிய இரண்டும் மக்களவைத் தேர்தல் நேரத்தில் நிகழ்ந்தவை. நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை, நடத்தை விதிகள் அமலில் இருந்தன. ஜல்பாய்குரியில் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரங்கூட இல்லாத நிலையில், வீடிழந்தவர்களுக்கு உதவித்தொகை வழங்கத் தேர்தல் ஆணையத்தின் அனுமதி தேவைப்பட்டது. அந்த அனுமதியே மாநில ஆளும் கட்சிக்கும் ஆணையத்துக்கும் இடையே சர்ச்சையானது. மேடைகளில் காற்றைப் பற்றிப் பேசினார்கள். கூரை இழந்தவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே காத்திருந்தார்கள்.

முன்னெச்சரிக்கையில் ஓரளவு முன்னேற்றம் உண்டு. 2002-ல் சென்னையில் நவீன டாப்ளர் ரேடார் அமைந்ததைத் தொடர்ந்து பல நகரங்களில் அவை நிறுவப்பட்டன. ரூ. 2 ஆயிரம் கோடியில் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பில், இடி, மின்னல், பலத்த காற்று என்று மாவட்ட வாரியாக எச்சரிக்கை வருகிறது. அதைப் பார்த்துவிட்டுச் சேகரிப்பாளர் காரைத் தகரக் கொட்டகையிலிருந்து கான்கிரீட் கூரைக்குக் கீழே நகர்த்திவிடலாம். மைனாகுரியின் தகர வீட்டில் இருப்பவருக்கு நகர்ந்து போக அப்படி இன்னொரு கூரை வேண்டும்.