அளவு ஒன்று, காயம் வேறு

மெர்சிங் என்றதும் பலருக்கும் தியோமான் தீவுக்குப் படகு ஏறும் துறைதான் நினைவுக்கு வரும். அதே கரையில் 1942 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் 22ஆவது படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்பார்த்துக் காத்திருந்தது. ஜனவரி 26ஆம் தேதி இரவு, மெர்சிங்குக்குத் தெற்கே ஜெமாலுவாங் போகும் வழியில் இருந்த நித்ஸ்டேல் ரப்பர்த் தோட்டத்தில் அதன் 2/18ஆவது பட்டாளம் பதுங்கியிருந்து தாக்கியது. ரப்பர் மரங்களுக்கு நடுவே விடிய விடியச் சண்டை.

நமது கருத்துக்களத்தில் இந்தச் சண்டையைப் பற்றிப் பேசியபோது ஒரு கேள்வி எழுந்தது. இரு தரப்பும் சுட்டது ஏறக்குறைய ஒரே மாதிரியான தோட்டாதானே, காயமும் ஒன்றாகத்தானே இருக்கும்? நேரம் போதாமல் பாதியில் நின்ற அந்தப் பதிலை இங்கே சொல்லி முடிக்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா என்பது முழுப்பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் மூடி, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டுமே. செய்தியில் ‘7.62 தோட்டா’ என்று படிக்கிறோமே, அந்த எண் குழலின் அல்லது குண்டின் குறுக்களவைக் குறிக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியர்களிடம் இருந்தது 303 துப்பாக்கி. அதன் ஏழாம் வகைக் குண்டின் எடை 11.3 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 744 மீட்டர். ஜப்பானியக் காலாட்படையின் பழைய துப்பாக்கியான ரகம் 38 சுட்டது 6.5 மில்லிமீட்டர் தோட்டா. குண்டு 9 கிராம், வேகம் சுமார் 760 மீட்டர். 1939இல் வந்த ரகம் 99க்கு 7.7 மில்லிமீட்டர்; இது கிட்டத்தட்ட 303க்குச் சமமான பலம் கொண்டது. பழையதும் புதியதும் போர் முடியும்வரை சேர்ந்தே புழங்கின.

இந்த எண்களை வைத்துக் காயத்தைக் கணக்கிட முடியாது. சினிமாவில் குண்டு பட்டவன் நாலடி பின்னால் பறந்து விழுவான். அப்படியானால் சுட்டவனும் பறக்க வேண்டுமே! குண்டு தரும் தள்ளு அவன் தோளில் விழும் உதையைவிடப் பெரியதல்ல. ஆளைச் சாய்ப்பது தள்ளு அல்ல. உடம்புக்குள் குண்டு என்ன செய்கிறது என்பதுதான்.

கூர்முனைக் குண்டுக்கு அடிப்பக்கம்தான் கனம். பம்பரம்போல் சுழல்வதால் அது காற்றில் நேராகப் போகிறது. தசையோ காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அங்கே அந்தச் சுழற்சி போதாது. குண்டு பக்கவாட்டில் சாய்ந்து, புரண்டு, அடிப்பக்கம் முன்னால் வரத் திரும்புகிறது. குறுக்கே திரும்பும் அந்த இடத்தில்தான் பெரிய கிழிசல். வெளியே தெரியும் துளையோ சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது. எவ்வளவு ஆழத்தில் புரளும், புரளும்போது உடையுமா என்பவையே ஒரு குண்டையும் இன்னொன்றையும் பிரிக்கின்றன. 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போரில் ஜப்பானியர் சுட்ட 6.5 குண்டு உருண்டை முனை கொண்டது. அது பெரும்பாலும் நேராகத் துளைத்து வெளியேறியதால் காயம்பட்ட பலர் பிழைத்தார்கள். பிறகு வந்த கூர்முனைக் குண்டு அந்த அளவுக்குச் சாதுவல்ல.

303இன் கதை இதைவிட வில்லங்கமானது. அதன் தொடக்ககாலக் குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்று வடமேற்கு எல்லைப் போர்களில் பிரிட்டிஷ் படை குறைப்பட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில், நுனியில் ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டு செய்தார்கள். உடம்பில் பட்டதும் அது காளான்போல் விரியும். அந்த ஊரின் பெயரே குண்டுக்கும் ஆகிவிட்டது. 1899இல் ஹேக் மாநாடு, உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைத் தடை செய்தது. பிரிட்டன் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை, 1907இல்தான் இணைந்தது.

1910இல் வந்தது நான் மேலே சொன்ன ஏழாம் வகை. வெளியே முழு உலோக உறை. சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. உறைக்குள்ளே முன்பகுதியில் மட்டும் ஈயத்துக்குப் பதிலாக இலேசான அலுமினியம் வைத்தார்கள். சில காலங்களில் மரக்கூழ். கனமெல்லாம் பின்னால் போயிற்று. பறக்கும்போது நல்ல பிள்ளை, உடம்பில் நுழைந்ததும் புரளும். தடைச் சட்டம் உறையையும் விரிவையும் பார்த்தது. எடை எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. நித்ஸ்டேல் தோட்டத்தில் அந்த இரவு ஜப்பானியர்மீது பாய்ந்தவை இவ்வகைக் குண்டுகளே.

எண்ணை நம்பினால் இன்னொரு குழப்பமும் உண்டு. ஜப்பானியத் தரைப்படையின் 7.7 தோட்டா 303 துப்பாக்கிக்குள் போகாது, கூடு வேறு. ஆனால் ஜப்பானியக் கடற்படையின் 7.7 இயந்திரத் துப்பாக்கித் தோட்டா 303இன் நேர் நகல். ஒரே நாடு, ஒரே எண், இரண்டு தோட்டா. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் நம் மலாயாத் தமிழர்கள் தூக்கியவை பெரும்பாலும் கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் துப்பாக்கிகள். பக்கத்தில் நிற்கும் ஜப்பானியச் சிப்பாயிடம் தோட்டாக் கடன் வாங்கும் வசதிகூட அவர்களுக்கு இல்லை.

போருக்குப் பின் மேற்கு நாடுகள் 7.62 என்ற ஒரே அளவுக்கு வந்தன. அப்போதும் காயம் ஒன்றாகவில்லை. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் 1980களில், தசைக்கு நிகரான ஜெலட்டின் கட்டிகளில் குண்டுகளைச் சுட்டு அளந்தார். அமெரிக்க 7.62 குண்டு சுமார் 15 சென்டிமீட்டர் நேராகப் போய், பிறகு புரண்டு, உடையாமல் வெளியேறியது. அதே தோட்டாவின் மேற்கு ஜெர்மானியக் குண்டு 8 சென்டிமீட்டரிலேயே புரண்டு துண்டு துண்டானது. காரணம் உறை: ஜெர்மன் உறை அரை மில்லிமீட்டர் எஃகு, அமெரிக்க உறை அதைவிடத் தடித்த செம்புக் கலவை. துப்பாக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே பொருந்தும்.

நமது ராணுவத்தில் நெடுங்காலம் இருந்த எம்16 துப்பாக்கியின் 5.56 தோட்டாவும் அப்படித்தான். அதன் பழைய அமெரிக்கக் குண்டு வெறும் 3.6 கிராம், வேகமோ வினாடிக்கு 990 மீட்டர். அருகில் பட்டால் புரண்டு சிதறும். சுமார் 200 மீட்டருக்கு அப்பால் வேகம் தணிந்துவிடுவதால் பெரும்பாலும் உடையாது. ஒரே குண்டு, தூரம் மாறியதும் வேறு காயம். 1980இல் நேட்டோ நாடுகள் ஏற்ற புதிய 5.56 குண்டு 4 கிராம், நுனியில் எஃகு. பழைய எம்16 குழலின் சுழல்வரிகள் அதைப் போதுமான அளவுக்குச் சுழற்றாது, குறி தவறும். அடுத்த முறை ‘5.56 ரகத் தோட்டா கண்டெடுக்கப்பட்டது’ என்ற செய்தியைப் படித்தால், யார் சுட்டது, எங்கிருந்து சுட்டது என்பதற்கு அது பதிலல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, கிழக்குக் கரை வட்டாரத்து நேயர்களுக்கு. தோட்டம் திருத்தும்போதோ கால்வாய் வெட்டும்போதோ போர்க்காலத் தோட்டா கண்ணில் பட்டால் தொடாமலே ஓரளவு அடையாளம் காணலாம். அடியில் விளிம்பு துருத்தி, VII என்ற எழுத்து பொறித்திருந்தால் அது 303. கூடவே K, F என்ற எழுத்துகள் இருந்தால் அது புனே அருகிலுள்ள கிர்க்கியில் செய்தது. ஜப்பானியத் தரைப்படைத் துப்பாக்கித் தோட்டாவின் அடியில் பொதுவாக எழுத்தே இருக்காது. 80 ஆண்டு கடந்தாலும் உள்ளே மருந்து செத்துவிட்டது என்று நம்ப முடியாது. வீட்டு அலமாரிக்கு அழகுப்பொருளாகவும் கொண்டு போகாதீர்கள்: 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டுவரை சிறை, 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டுமே. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை விலக்கி, 999க்கு அழையுங்கள்.