ரிபிள்ஹெட்: ரயில் காத்த பாலம்

இந்தத் தொடரில் இதுவரை இரும்புப் பாலங்களையே பார்த்துவந்தோம். இந்த வாரம் கல்லுக்கு வருவோம். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில், வெர்ன்சைட், இங்கிள்பரோ, பென்-இ-கெண்ட் என்ற மூன்று குன்றுகள் சூழ்ந்த சதுப்பு வெளியில் நிற்கிறது ரிபிள்ஹெட் ரயில் பாலம். 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். 1870-இல் முதல் கல்லை வைத்து, 1874-இல் கடைசிக் கல்லைப் பதித்தார்கள். பார்க்கப் போகிறவர்களில் பலர் காரில் வந்து சாலையோரம் நிறுத்திவிட்டு, பாலத்தடிவரை நடந்து, படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. வளைவுகளின் முழு அழகும் கீழே நிற்பவருக்குத்தான் தெரியும், ரயிலில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் இந்தப் பாலம் இன்று நிற்கிறதென்றால், டிக்கெட் வாங்கிக்கொண்டு அதன்மேல் போனவர்களால்தான் நிற்கிறது என்பேன். அதற்கான ஆதாரங்கள் இந்தப் பாதையின் வரலாற்றிலேயே கிடைக்கின்றன.

செட்டில் ஊரிலிருந்து கார்லைல் வரை போகும் 116 கிலோமீட்டர் பாதையை மிட்லாண்ட் ரயில்வே கம்பெனி மனமுவந்து கட்டவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போகும் வழியைப் போட்டிக் கம்பெனி ஒன்று கையில் வைத்திருந்ததால், சொந்தப் பாதைக்குப் பாராளுமன்றத்தில் அனுமதி வாங்கியது. பிறகு போட்டியாளருடன் சமரசம் ஏற்பட்டதும் திட்டத்தைக் கைவிடப் பார்த்தது. பாராளுமன்றம் 1869-இல் அதற்கு இணங்கவில்லை. வேண்டாவெறுப்பாகத் தொடங்கிய வேலை என்றாலும் கட்டிய தரத்தில் வேண்டாவெறுப்பைக் காண முடியாது. விரைவு ரயில்களுக்கான பாதை என்பதால் 100 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்று தலைமைப் பொறியாளர் ஜான் சிட்னி கிராஸ்லி உறுதியாக இருந்தார். அந்த ஏற்றத்தைக் காக்க 14 சுரங்கங்களும் இருபதுக்கு மேற்பட்ட பெரிய பாலங்களும் தேவைப்பட்டன. ரிபிள்ஹெட்டில் சதுப்பைத் தோண்டி, கீழே உறுதியான தளம் கிடைத்த ஆழத்திலிருந்து தூண்களை எழுப்பினார்கள். தூண்களுக்குச் சுண்ணாம்புக்கல், வளைவுகளின் உட்புறத்துக்குச் செங்கல். செங்கல் மட்டும் 15 லட்சம். ஆறாவது தூண் ஒவ்வொன்றையும் மற்றவற்றைவிடத் தடிமனாகக் கட்டினார்கள். ஒரு தூண் சரிந்தாலும் அந்த ஆறு வளைவுகளோடு சேதம் நின்றுவிடும். அந்தத் தடிமன் தூண்களைக் கீழிருந்தே எண்ணிப் பார்க்கலாம்.

கட்டியவர்கள் குடும்பத்தோடு சதுப்பிலேயே மரக்குடிசைகளில் தங்கினார்கள். செபாஸ்டபோல், ஜெரிக்கோ என்று போர்க்களத்தின் பேரும் பைபிள் ஊரின் பேரும் வைத்துக்கொண்ட குடியிருப்புகள் அவை. விபத்திலும் அம்மை நோயிலும் மடிந்தவர்கள் பலர். அருகிலுள்ள சாப்பல்-லி-டேல் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் புதைக்கப்பட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகள் சுமார் 200 பேர். பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

இப்படிக் கட்டிய பாலத்தை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு மூடப் பார்த்தார்கள். 1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை இந்தப் பாதையின் பயணிகள் சேவையை நிறுத்தப் பரிந்துரைத்தது. அப்போது அது நடக்கவில்லை. ஆனால் 1970-இல் செட்டில், ஆப்பிள்பி தவிர மற்ற சிறு ஸ்டேஷன்கள் எல்லாம் மூடப்பட்டன. 1982-இல் நாட்டிங்ஹாம்–கிளாஸ்கோ விரைவு ரயில்கள் வேறு பாதைக்குத் திருப்பப்பட்டன. ஏறும் இடங்களையும் ஓடும் ரயில்களையும் குறைத்த பிறகு, 1983-இன் இறுதியில், பயணிகள் குறைவு, பாலத்தைப் பழுதுபார்க்க 60 லட்சம் பவுண்டு ஆகும் என்று இரண்டையும் காரணம் காட்டி மூடல் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு பயணங்கள் 93,000. அந்த எண் மக்களின் தேவையைக் காட்டியதாக நான் ஏற்கமாட்டேன். எத்தனை ரயில் விட்டார்கள், எத்தனை ஊரில் நிறுத்தினார்கள் என்பதையே அது காட்டியது. 1986-இல் சிறு ஸ்டேஷன்கள் எட்டு மறுபடி திறக்கப்பட்டன. 1989-இல் பயணங்கள் நாலரை லட்சம்.

மூடப்போகிறார்களே என்று கடைசியாக ஒருமுறை போய்வந்த கூட்டம்தானே அது என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு பரபரப்பினால் வந்ததுதான். ஆனால் 1989 ஏப்ரலில் மூடல் ரத்தான பிறகும் பாதை ஓய்ந்துவிடவில்லை. ஸ்காட்லாந்து நிலக்கரியை இங்கிலாந்தின் மின் நிலையங்களுக்குக் கொண்டுபோன சரக்கு ரயில்கள் பின்னாளில் இந்தப் பாதையை நிறைத்தன. பரபரப்பு நிலக்கரி ஏற்றிவராது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் பாதுகாப்பைப் பற்றியது. விரிசல்கள் கற்பனையல்ல. 1985-இல் பாலத்தின்மேல் ஒரு தண்டவாளத்தை எடுத்துவிட்டு ஒற்றைப் பாதையாக்கியதே, இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான். ஆனால் நோய் எங்கே இருந்தது? தண்டவாள ஜல்லிக்கு அடியில் இருந்த நீர்க்காப்புப் படலம் பழுதாகி, மழைநீர் வளைவுகளுக்குள்ளும் தூண்களின் உட்புறக் கல்நிரப்புக்குள்ளும் இறங்கியது. குளிர்காலத்தில் அது உறைந்து விரிய, காரை உதிர்ந்தது. வீட்டு மொட்டை மாடியில் ஓதம் இறங்கினால் வீட்டையே இடிப்பதில்லை, தளத்தைத்தான் சரிசெய்கிறோம். இங்கேயும் மேல்தளத்துக்குப் புது நீர்க்காப்பு போட்டு, தூண்களைச் செப்பனிட்டார்கள். சோதனை முறையில் செய்த வேலையே செலவு முதல் மதிப்பீட்டைவிட வெகுவாகக் குறையும் என்று காட்டிவிட்டது. மூடலை மறுத்த முடிவில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

சரி, ரயிலை நிறுத்திவிட்டுப் பாலத்தை நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. அதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1861-இல் திறந்த வேறொரு பாதையில் 14 வளைவுகள் கொண்ட ஸ்மார்டேல் கில் பாலம். அந்தப் பாதை 1962-இல் மூடப்பட்டது. அதே பாதையிலிருந்த பீலா இரும்புப் பாலத்தை மறு ஆண்டே பிரித்துப் போட்டார்கள். ஸ்மார்டேல் கில் பராமரிப்பின்றிச் சிதைந்து, இடிபடும் நிலைக்கு வந்து, ஓர் அறக்கட்டளையின் முயற்சியால் 1992-இல் நடைபாதையாக மீண்டது. போற்ற வேண்டிய முயற்சி. ஆனால் அது ஒரு பாலம். செட்டில் பாதையில் இருபதுக்கு மேல் பாலங்கள், 14 சுரங்கங்கள். எல்லாவற்றுக்கும் அறக்கட்டளை எங்கே தேடுவது? ரயில் ஓடும் பாதையில் வடிகால் அடைப்பு எடுப்பதும் விரிசல் பார்ப்பதும் அன்றாட வேலை. ஓடாத பாதையில் அதற்கு யாராவது தனியே நிதி திரட்ட வேண்டும்.

அன்றைய சட்டமும் இதே பக்கம்தான் நின்றது. மூடலை எதிர்த்து மனுக் கொடுப்பவர் அந்தப் பாதையின் பயணியாக இருக்க வேண்டும், மூடினால் தனக்கு நேரும் இன்னலைச் சொல்ல வேண்டும். அழகான பாலம் என்பது வாதமாக எடுபடாது. அப்படியும் 22,000-க்கு மேல் மனுக்கள் குவிந்தன. ரஸ்வார்ப் என்ற நாயின் கால்தடம் பதித்த மனுவும் அதில் ஒன்று; அதற்கும் டிக்கெட் எடுத்து அழைத்துப்போயிருந்ததால் மனு ஏற்கப்பட்டது.

2016-இல் கார்லைல் பக்கம் ஈடன் நதிக்கரையில் மண் சரிந்து பாதை அறுந்தது. சீராக்க 230 லட்சம் பவுண்டு ஆயிற்று. 30 ஆண்டு விலைவாசி உயர்வைக் கழித்தாலும், 1983-இல் மூடக் காரணம் காட்டிய தொகையைவிட அது அதிகம். இந்த முறை மூடல் அறிவிப்பு வரவில்லை. 2017 மார்ச் 31-இல் முழுப் பாதையும் திறந்தது. ஆனால் ரிபிள்ஹெட் பாலத்தின்மேல் எடுத்த இரண்டாவது தண்டவாளம் இன்னும் திரும்பவில்லை. அங்கே போகிறவர்கள் லீட்ஸில் ரயில் ஏறி ரிபிள்ஹெட் ஸ்டேஷனில் இறங்கினால், பாலம் நடக்கும் தூரம்தான். பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் பாலத்தைக் கடந்து கார்லைல் வரை போகலாம்.