ஒரே நாளில் மாறாத ரயில் முன்பதிவு

இன்ன ரயிலுக்கு இன்ன ஜன்னல், தடிமனான பதிவேடு. வரிசை தவறினால் அரைநாள் போச்சு! ஊருக்குப் போக அன்றைய பம்பாய்த் தமிழர்கள் பட்ட பாடு அது.

இதை மாற்ற முனைந்த ரயில்வே, நாடெங்கும் ஒரேயடியாகக் கம்ப்யூட்டரைப் புகுத்தவில்லை. 1985-இல் புதுடில்லியில் மட்டும் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, பிறகே மற்ற பெருநகரங்களுக்குச் சென்றது. 1994-இல் செகந்திராபாத்தில் 'கன்சர்ட்' என்ற புதிய மென்பொருள் வந்தது. டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தது 1999-இல்தான்.

சிறிதாகத் தொடங்கு, குறையைப் பார், திருத்திக்கொண்டு அடுத்த அடி வை. நிர்வாக இயலார் இன்று 'அஜைல்' என்பது ஏறக்குறைய இதைத்தான்.

பதிவேட்டில் விரல் வைத்துத் தேடிய அதே குமாஸ்தாதான் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டியிருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. படிப்படியாக வந்ததால் பழகிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. பதினான்கு ஆண்டுகளா என்று கேட்பாரும் உண்டு. வரிசையில் நின்றவர்கள் கேட்டால் அது நியாயமே.