ஈத்துக்கு ஈத்து பெருகும் சொத்து

கம்பம் பள்ளத்தாக்கில் நிலம் வைத்திருப்பவர் பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதிவைப்பார். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயலும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் பத்திரத்தில் ஏறும். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத மாட்டுக்காரக் குடும்பங்களும் இங்கே மலையடிவாரத்து ஊர்களில் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுப்போவது மந்தையை. அந்த மந்தையில் நிற்பது மலைமாடு.

மலைமாடு ஆள் மிரளும் அளவுக்குப் பெரியதல்ல. நடுத்தர உயரம், ஒடிசலான உடம்பு, சரிவில் ஏறி இறங்கப் பழகிய உறுதியான கால்கள், கெட்டியான குளம்பு. செவலை, மயிலை, காரி, மறை என்று எல்லா நிறமும் ஒரே மந்தையில் இருக்கும். இதைக் கட்டுத்தறியில் கட்டித் தீனி போட்டு வளர்ப்பதில்லை. பகலெல்லாம் மலையில் மேயும், இரவில் கிடையில் அடையும். பால் கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் கன்றுக்கே போய்விடும்.

பால் விற்காத மாட்டால் குடும்பம் எப்படிப் பிழைக்கும்? விடை மாட்டின் வயிற்றில் இருக்கிறது. நான்கு அறை கொண்ட அந்த வயிற்றின் முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மனிதக் குடலால் செரிக்க முடியாத முற்றிய புல்லின் நார்ப்பொருளை அவை நொதிக்கவைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. பகலில் அவசரமாக மேய்ந்ததை மாடு இரவில் படுத்து அசைபோடும். விடியும்போது கிடையில் சாணமும் கோமியமும் சேர்ந்திருக்கும். மலை முழுக்கச் சிதறிக் கிடந்த தழைச்சத்து இப்படி ஓரிடத்தில் குவிகிறது. வயலில் கிடை போட்டால் வயல்காரர் கூலி தருவார். குவித்த எரு மலையேறி இடுக்கிப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கும் மிளகுத் தோட்டங்களுக்கும் போகிறது. காளைக்கன்றுகள் உழவுக்கும் ஜல்லிக்கட்டுக்கும் விலைபோகும். கிடேரிகளை மட்டும் எளிதில் விற்கமாட்டார்கள். அவைதான் முதல்.

அந்த முதல் வளரும் கணக்கைப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். நாட்டுக் கிடேரி முதல் ஈத்துக்கு வர மூன்றரை, நான்கு வயதாகும். அதன்பிறகு ஒன்றரை ஆண்டுக்கு ஒரு கன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்குழந்தை பிறந்த அன்று அவள் பெயரில் ஒரு கிடேரிக்கன்றை ஒதுக்கினால், அவளுக்குப் பதினைந்து வயதாகும்போது அந்தப் பசு ஏழெட்டுக் கன்று ஈன்றிருக்கும். பாதி கிடேரி என்றால், மூத்த கிடேரிகளும் ஈனத் தொடங்கியிருக்கும். நோயிலும் வறட்சியிலும் சில போனாலும், அவள் கையில் ஒரு சிறு மந்தை நிற்கும். மாடு வாங்க வசதி இல்லாதவர் அடுத்தவர் பசுவை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, பிறக்கும் கன்றில் பங்கு பெற்றுத் தன் மந்தையைத் தொடங்குவதும் உண்டு.

இதே கணக்கைப் பதினேழாம் நூற்றாண்டு அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலும் போட்டிருக்கிறார்கள். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் காய்ச்சல் கண்டு பெற்றோர் இளவயதிலேயே இறந்துபோவது சாதாரணம். அதனால் குழந்தைக்கென்று ஒரு பசுவையும் அது ஈனும் கிடேரிகளையும் உயிலில் எழுதிவைத்தார்கள். வளர்த்து ஆளாக்கும் காப்பாளருக்குக் காளைக்கன்றுகள் கூலி. எந்த மாடு யாருடையது என்று தெரிய, காதில் வெட்டு அடையாளம் போட்டு, அந்த அடையாளத்தை நீதிமன்றத்தில் பதிந்தார்கள். உயில் இல்லாமல் இறந்தால் வர்ஜீனியாவில் நிலம் மூத்த மகனுக்குப் போகும், மாசசூசெட்ஸில் மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. மகள்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மாடும் தட்டுமுட்டுச் சாமான்களும்தான். அந்த மாடுகள் மேய்ந்த காடோ பூர்வகுடிகளுடையது. அவர்களுடைய மக்காச்சோளக் கொல்லையில் மாடு புகுந்ததால் மூண்ட சண்டைகள் பல.

நம் சட்டத்தில் பங்கீடு இதைவிட நேர்மையானது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுடைய தனிச்சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சம பங்கு. மாடும் சொத்துதான்.

பங்கு பிரிக்கவே கூடாது என்று வைத்த மந்தையும் இங்கே உண்டு. கம்பத்தில் கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தாரின் தம்பிரான் மாட்டுத் தொழுவை மாட்டுப்பொங்கலன்று சுற்றுவட்டார மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து கும்பிடுகிறார்கள். 1906-இல் டபிள்யூ. ஃபிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெஜட்டியர் இந்த மந்தையைப் பதிவுசெய்திருக்கிறது. இந்த மாடுகளைக் கறப்பதில்லை. இறந்தால் புதைத்துவிடுவார்கள். மந்தைக்குத் தலைமை பட்டத்துக் காளை. அதற்கு வாரிசைத் தேர்ந்தெடுக்க, சமூகமே கூடி, சாம்பிராணி போட்டு, கரும்புக்கட்டை மாடுகளின் முன்னால் வைக்கும். எந்தக் காளை முதலில் கரும்பை நெருங்குகிறதோ, அதற்கே பட்டம். அதற்கு மாலை போட்டு நந்தகோபாலன் என்று வணங்குவார்கள். ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லாத, சமூகத்துக்கே பொதுவான மந்தை இது.

மாட்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். மேய்ச்சலை எப்படிக் கொடுப்பது? 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்தபின் மேய்ச்சல் அரசு தரும் அனுமதியானது. 2021-இல் இந்த மலைப்பகுதியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று திருத்தியது. கோமாரி போன்ற நோய்கள் மந்தையிலிருந்து காட்டு விலங்குகளுக்குப் பரவும், இளஞ்செடிகள் முளைக்க முடியாமல் போகும் என்ற கவலையில் நியாயம் உண்டு. அதற்கு மருந்து தடுப்பூசியும், மேயும் இடத்தையும் எண்ணிக்கையையும் வரையறுப்பதும்தான். மேய்ச்சல் இல்லாத மலைமாட்டை எந்தத் தகப்பனும் பிள்ளைக்கு விட்டுப்போக முடியாது.

இந்த இடத்தில் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. அது மேய்ச்சலை உரிமையாக ஏற்கிறது. அங்கீகரிக்கப்பட்ட உரிமை வாரிசுக்குச் சேரும், பிறருக்கு விற்க முடியாது என்றும் சொல்கிறது. பழங்குடியினர் அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். கெஜட்டியர் போன்ற அரசுப் பதிவுகளும், ஊர்ப் பெரியவர்கள் எழுத்தில் தரும் வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும். கோரிக்கை தொடங்கும் இடம் கிராம சபை.

மலைமாடு வைத்திருக்கும் குடும்பங்கள் தாத்தா காலத்து மேய்ச்சல் ரசீதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மேய்ந்த தடங்களையும் கிடை போட்ட இடங்களையும் பெரியவர்கள் நினைவில் இருக்கும்போதே எழுதிவாங்கி, அடுத்த கிராம சபையில் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு மந்தையோடு மேய்ச்சலும் சேரவேண்டுமென்றால், இன்று செய்யவேண்டிய வேலை இதுதான்.